கவனயீனம்

எங்கள் மில்லில் எல்லாமே தவிட்டு நிறம்.
கல்குலேட்டர் பொத்தானுக்குள்ளும் தவிடு;
ஒன்பதை அமுக்கினால் எழும்பாது.

கடிதத்தை நான்தான் அடிக்கவேண்டும்.
கல்முனையிலிருந்து லோயர் ஃபோனில் சொல்லச் சொல்ல:
"மேற்படி தொழிலாளி
இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில்
தனது சொந்தக் கவனயீனத்தினால்..."
சேர்த்து எழுதுவதா பிரித்தா என்று கேட்டேன்.
சேர்த்து, என்றார்.

ஆதம்பாவா காக்காவின் வலது கை.
நடுவிரல், மோதிரவிரல், சின்னவிரல்.
எலிவேட்டர் பெல்ட்டில் சாக்குநூல் சிக்கியது.
நிற்பாட்டாமல் இழுத்தார்.
உண்மைதான்.
நிற்பாட்டினால் திரும்ப ஓடவிட இருபது நிமிஷம்.
வாசலில் ஏழு லொறி.
ஹாஜியார் கண்ணாடி ஜன்னலால் பார்ப்பார்.
ஒன்றும் சொல்லமாட்டார்,
பார்ப்பார்.
இதுவும் உண்மைதான். லோயர் சொன்ன வசனத்தில்
இதற்கு இடமில்லை.

இழுப்பறையில் ஒரு கோட்டேஷன் கிடக்கிறது.
நிந்தவூர் வெல்டிங் கடை, போன வருஷம் கார்த்திகை:
பெல்ட் மூடி, கம்பிவலை, பெயின்ட் கூலியோடு
பதினோராயிரத்து எழுநூறு.
மூலையில் ஹாஜியாரின் பச்சைப் பேனை:
போகம் முடியட்டும்.
ஃபைலில் போட்டவள் நான்.
ஞாபகப்படுத்த இரண்டுதரம் எழும்பி
இரண்டுதரமும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து இருந்தேன்.
அதை எந்தக் கடிதத்தில் அடிப்பது?

ஓவர்டைம் புத்தகமும் என் கையெழுத்து.
பதினாலாம் திகதி காலை ஏழுக்கு வந்த மனிசன்
பதினைந்து விடிய நாலரைக்கும் வீட்டுக்குப் போகவில்லை.
இருபத்தொன்றரை மணித்தியாலம்.
கூட்டிப் பார்த்து
சரி போட்டிருக்கிறேன், சிவப்பால்.

ஹாஜியார் கெட்டவர் இல்லை.
தன் வேனில் தானே ஓட்டிக்கொண்டு போனார்;
வெள்ளைச் சேட்டெல்லாம் இரத்தம்.
துணியில் சுற்றிய விரல்களை
ஐஸ் போட்ட சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து
மடியில் பிடித்திருந்தது அவருடைய மகன்.
மாதம் ஒரு மூட்டை சம்பா
சொல்லாமலே அனுப்புகிறார்.
நட்டஈடு என்ற சொல்லைக் கேட்டால் மட்டும்
"லோயரோட பேசுங்க."

நேற்று காக்கா வந்தார், பாதிச் சம்பளத்துக்கு.
இடது கைப் பெருவிரலை மையில் தொட்டுக்கொண்டு
கேட்காமலே சொன்னார்:
"என்ட பிழையும் இரிக்கிதான் புள்ள.
கண்ண இருட்டிக்கொண்டு வந்திச்சி.
மூடி கிடந்திருந்தா
என்ட பிழை ஒரு சாக்கோட போயிருக்கும்."

ரேகை சரியாகப் பதியவில்லை.
இன்னொருதரம் வைக்கச் சொன்னேன்.

மூடி இப்போது இருக்கிறது.
மூன்றாம் நாளே பூட்டிவிட்டார்கள்.
கிளிப்பச்சை பெயின்ட்,
தவிடு படியாத ஒரே சாமான்.
நாளை ஒன்பது மணிக்குத்
தொழில் கந்தோரிலிருந்து விசாரணைக்கு வருகிறார்கள்;
மூடியைப் பார்ப்பார்கள், தட்டியும் பார்ப்பார்கள்.

பின்னேரம் ஹாஜியார் மேசைக்கு வந்தார்.
"அந்தப் பழைய துண்டு கிடக்கா மகள்,
வெல்டிங்காரன்ட?"
குரலில் அதட்டல் இல்லை.
என் தங்கச்சியின் கலியாணத்துக்கு
முற்பணம் தந்ததும் இதே குரல்தான்.

தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

தேட என்ன இருக்கிறது?
நாலாக மடித்து
அடையாள அட்டைக்குப் பின்னால்,
சம்மாந்துறை பஸ்ஸில்
இரண்டு கையாலும் ஹேண்ட்பேக்கைப் பிடித்தபடி
நிற்கிறேன்.
கம்பியைப் பிடிக்கச் சொல்லிக்
கொண்டக்டர் கத்துகிறான்,
விழுந்தா நாங்க பொறுப்பில்ல என்று.