முன்பக்கம் முப்பத்தாறு

ஏப்ரலில், பனி உருகி முடிந்த சாகினாவில்,
சாலைப் பள்ளம் ஒன்று என் ரிம்மைக் கடித்தது.
தின்னவில்லை, கடித்துத் துப்பியது.
பதினேழு இன்ச் அலாய்,
இப்போது நசுங்கிய டப்பாவின் மூடி.

நான்கையுமே மாற்றிவிடு என்றான் வெண்டல்.
டயர் கடைக்காரன், வேறென்ன சொல்வான்?
ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில்
என் காரை அவனும் ஓட்டுகிறான்.
சொன்னது வியாபாரமா ஆசையா
என்று பிரித்தறிய முடியவில்லை.

ஞாயிறு என்றால்
மூடிக் கிடக்கும் உதிரிபாக ஆலையின் கார் நிறுத்துமிடம்,
ஆரஞ்சு கோன்கள்,
ஒரு நேரத்தில் ஒரே கார், ஐம்பத்திரண்டு விநாடி.
கோன் சாய்ந்தால் இரண்டு விநாடி தண்டம்.
உன்னோடு போட்டியிடுபவர்கள்
வேலியோரம் சாண்ட்விச் தின்றுகொண்டிருப்பார்கள்.

திங்கள் முதல் சனி வரை
வீடு வீடாகப் போகும் செவிலி நான்.
ஆறாத புண், இன்சுலின், வீங்கிய கால்.
நாளுக்குத் தொண்ணூறு மைல்.

வெண்டல் இரண்டு டயரை உருட்டிவிட்டான்.
ஒன்றில் தேய்மான எண் ஐந்நூறு:
அறுபதாயிரம் மைல் உழைக்கும்,
மழைநீர் ஓட ஆழமான வாய்க்கால்கள்,
வளைவுகளில் மன்னிப்புக் கேட்டபடியே வழுக்கும்.
மற்றதில் இருநூறு:
நகம் பதியும் ரப்பர்,
சூடேறினால் தரையை விட மனம் வராது,
பதினைந்தாயிரம் மைலில் மொட்டை.

இரண்டு செட்டாக வாங்கேன் என்றான்.
எங்கே வைக்க?
குளிர்கால டயர் நான்கும் ஏற்கெனவே
என் கட்டிலுக்கடியில் படுத்திருக்கின்றன.
கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை,
குடியிருப்போ மூன்றாம் மாடியில் ஓர் அறை.

மருந்தளவு கணக்கிடும் பேனாவால் போட்டுப் பார்த்தேன்.
ஐம்பத்திரண்டு விநாடி,
நாளுக்கு நான்கு ஓட்டம்,
எட்டு ஞாயிறு.
இருபத்தெட்டு நிமிடத்துக்கும் கொஞ்சம் குறைவு.
வருஷத்துக்கு.
மீதியெல்லாம் திங்கட்கிழமை.

கணக்கு ஐந்நூறு என்றது.
நான் இருநூறு என்றேன்.

ரிம்மில் மட்டும் புத்தி பிழைத்தது:
பதினைந்து இன்ச், பார்க்க அழகில்லை,
ஆனால் டயரின் கன்னம் உயரம்,
பள்ளம் இனிக் கடித்தால் முதலில் ரப்பர்தான் வாய்க்குள் போகும்.
கையில் ஏந்திப் பார்த்தேன்,
ஐந்து மாதக் குழந்தையின் எடை.
பிரேக் காலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவே
சுண்டுவிரல் நுழையவில்லை,
நான்காக மடித்த மருந்துச் சீட்டு நுழைந்தது.
போதும் என்றான் வெண்டல்.

ஜூனில் ஒரு செவ்வாய், அடைமழை.
தேங்கிய நீரில் ஏறிய கார்
ஒரு நொடி யாருடையதாகவும் இல்லை.
ஸ்டீயரிங்கில் கனமே இல்லை.
மணிக்கட்டில் விரல் வைத்து
நாடி தட்டுப்படாத அந்த நொடி எனக்குத் தெரியும்.
பிறகு தட்டுப்பட்டது.
மிசஸ் ஓஸ்டர்ஹவுட்டின் வீட்டுக்கு
இருபது நிமிடம் தாமதமாக ஊர்ந்து போனேன்.
காரணம் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு வெயில்.
டயர் விளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டு,
எவ்வளவு அழிகிறதென்று பார்த்துக்
காற்றை இறக்கி, ஏற்றி, இறக்கி,
ஐம்பத்தொன்று புள்ளி ஆறு.
வெண்டல் ஏறினான்,
அதே கார், அதே டயர்,
ஐம்பது புள்ளி எட்டு.
டயர் குற்றவாளி இல்லை என்பது நிரூபணமானது.

திங்கள் காலை
ரப்பரில் ஒட்டியிருந்த பொடிக்கற்கள்
ஒவ்வொன்றாகக் கழன்று சக்கரக் குழியில் தெறித்தன.
உன் காரில் சோளம் பொரிகிறது என்றாள்
வாசலில் நின்ற மிசஸ் ஓஸ்டர்ஹவுட்.
சிரித்தேன். பட்டையைச் சுற்றினேன்.
நூற்று முப்பத்தெட்டுக்கு எண்பத்து நான்கு.
குறிக்கத் தாளைத் திருப்பினால்
இரத்த அழுத்தக் கட்டத்தில்
என் கையெழுத்தில் ஏற்கெனவே இருந்தது:
முன்பக்கம் முப்பத்தாறு, பின்பக்கம் முப்பத்து நான்கு.

அடித்துவிட்டு,
பக்கத்தில் பொடியாக எழுதினேன்.