இருபத்து மூன்றாம் கேள்வி

காரைக்குடி, ஏப்ரல், விடைத்தாள் திருத்தும் முகாம்.
ஆறாம் வகுப்பு பெஞ்சில் முழங்கால் இடிக்க
மேசைக்கு எட்டுப் பேர்.
காலையில் பதினைந்து தாள், மதியம் பதினைந்து.
மின்விசிறி தாளைத்தான் புரட்டுகிறது, எங்களைத் தொடுவதில்லை.
அடைக்கம்மை டீச்சரின் சீப்புச் சீடை
சிவப்புப் பேனாக்களுக்கு நடுவே கைமாறுகிறது.

இருபத்து மூன்றாம் கேள்வி:
ஆங்கிலத்தின் நால்வகை வாக்கியத்துக்கும்
சொந்தமாய் ஒவ்வொன்று எழுதுக. வகைக்கு ஒரு மார்க்.
சொந்தமாய் என்றால் யாரும் சொந்தமாய் எழுதுவதில்லை.
சூரியன் கிழக்கே உதிக்கிறது.
உன் பெயர் என்ன? கதவைச் சாத்து.
ஆகா, எவ்வளவு அழகான பூ!
இதுவரை பதினோரு சூரியன், ஒன்பது பூ.
கதவைச் சாத்திச் சாத்திக் கை வலிக்கிறது.

பன்னிரண்டாவது தாள்.
பெயர் இல்லை, ஊர் இல்லை,
கிழித்தெடுத்த முகப்பும் ஒரு மாற்று எண்ணும்.
செய்தி வாக்கியம்:
என் அப்பா குவைத்தில் இருக்கிறார்
என்று எழுதி, முடிவில் கேள்விக்குறி.
எழுத்துப் பிழை ஒன்றுமில்லை.
குறியை மட்டும் இரண்டு முறை அழுத்தியிருக்கிறது பிள்ளை.

வினா வாக்கியம்:
ஏன் எங்கள் தண்ணீர் உப்பாக இருக்கிறது
இங்கே குறியைக் காணோம். அங்கேயே செலவாகிவிட்டது போல.
ஆங்கிலத்தில் கேட்க வேண்டுமென்றால்
வினை எழுந்து எழுவாயை முந்தி நிற்க வேண்டும்.
நமக்கு வாலில் ஓர் ஆ போதும்:
பேசினாரா, அனுப்பினாரா, இருக்கிறாரா.
தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது.
கடலோரத்து ஊராக இருக்கும்.

உணர்ச்சி வாக்கியம்:
ஹுர்ரே, கரன்ட் வந்துவிட்டது!
சிரித்துவிட்டேன். ஒன்று.

கட்டளைக்கு ஒரே சொல். கம்.
முற்றுப்புள்ளி ஒழுங்காக வைத்திருந்தது.

‘ஒத்தைச் சொல்லெல்லாம் வாக்கியமா டீச்சர்?’
சாத்தப்பன் சார், தலைமைத் தேர்வாளர், பின்னால் நிற்கிறார்.
‘விடைக்குறிப்பில் இத்தனை சொல் என்று இல்லையே சார்.’
‘எழுவாய் எங்கே?’
‘தோன்றா எழுவாய்.’
‘தமிழ் இலக்கணத்தை இங்கே கொண்டுவராதீங்க.’
‘இங்கிலீஷிலும் அதே கதைதான் சார்.
கூப்பிடப்படுகிறவர் உள்ளே இருக்கிறார்,
வெளியே தெரிய மாட்டார்.’
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
‘போடுங்க’ என்றார்.
அதுவும் ஒரே சொல். நான் சொல்லிக் காட்டவில்லை.

முதல் வாக்கியத்துக்கு அவர் இறங்கிவரவில்லை,
நானும் கேட்கவில்லை.
செய்தி என்றால் புள்ளியில் முடிய வேண்டும்.
பூஜ்யம் போட்டேன்.
சிவப்பாக, வட்டமாக, வரிக்குப் பக்கத்தில் அது
யாரோ பெரிதாக்கிய முற்றுப்புள்ளி மாதிரி இருந்தது.
பிள்ளை வைக்க மறுத்ததை நான் வைத்துவிட்டேன்.
அடைக்கம்மை டப்பாவை நீட்டினார். வேண்டாம் என்றேன்.

கூட்டினேன். நாற்பத்தேழு. பாஸ்தான்.
இன்னொரு முறை கூட்டினேன். நாற்பத்தேழுதான்.

ஐந்தரை பஸ்ஸில் ‘புதுவயல்’ என்றேன்.
எழுவாய் இல்லை, பயனிலை இல்லை.
கண்டக்டர் கேள்வியில்லாமல் கிழித்துக் கொடுத்தார்.
கண்டனூர் தாண்டியதும்
ரைஸ்மில்லில் அவியும் நெல்லின் வாடை.
ஊர் வந்துவிட்டது என்று அது
தெரிவிக்கிறதா, கேட்கிறதா என்று யோசித்தபடி
ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கினேன்.