திருக்கை வால்

தடைக்காலம் தொடங்கிப் பத்தொன்பதாம் நாள்.
தங்கச்சிமடத்து வெயில்
தகரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு
இறங்கமாட்டேன் என்கிறது.
கடலில் கிடக்கவேண்டிய உடம்பை
வீட்டில் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
கதவுக்கும் அடுப்புக்கும் நடுவே
எமல்டாவின் காலை இடறுகிறேன்.

நிஜோ பேசுகிறான். என்னிடம் அல்ல.
"பின்னாடி ரெண்டு பேரு மச்சான், தலையிலயே போடு."
பதிமூன்று வயது. குரல் உடைகிற காலம்.
"போடு" என்கிறபோது மட்டும்
பாதி என் குரல்.

செல்போன்தான் பிள்ளைகளைக் கெடுக்கிறது
என்றார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சாமியார்.
எமல்டா தலையாட்டினாள். நானும் ஆட்டினேன்.
வீட்டுக்கு வந்து சட்டையை மாட்டப் போனால்
கதவுக்குப் பின்னால் பக்கத்து ஆணியில்
என் அப்பா கித்தேரியான் காயவைத்த
திருக்கை வால்.

முள்ளைப் பிடுங்கி, எண்ணெய் தேய்த்து,
பிடிக்கு நைலான் கயிறு சுற்றியிருக்கிறார்.
வலையைக்கூட அவ்வளவு பொறுமையாய்
அவர் பொத்தியதில்லை.
முதல் நாள் கடலில் வாந்தி எடுத்ததற்கு ஒன்று.
ஆம்பளப் பய அழலாமா என்று ஒன்று.
அழுகையை நிறுத்தியதும்
என்னடா முறைக்கிற என்று இன்னொன்று.

நான் அதை நிஜோவின் மேல் வைத்ததில்லை.
ஒரு தடவை.
இல்லை, இரண்டு.

ராத்திரி கேட்டேன்: "எனக்கும் ஒரு ஆளு வச்சுக் குடுடா."
சந்தேகமாய்ப் பார்த்தான். பிறகு
எமல்டாவின் போனில் ஓர் ஆள் செய்துகொடுத்தான்.
வள்ளம் மாதிரி மார்பு, முகத்தில் வெட்டுத்தழும்பு,
இடுப்புவலி இல்லாத இடுப்பு.
விமானத்திலிருந்து குதித்தோம்.
எல்லாரும் துப்பாக்கி பொறுக்க ஓட
நான் கரைக்குப் போனேன்.
நீலம் நீலமாய்க் கடல். ஒரு மீன் துள்ளவில்லை.
படகு கிடந்தது, வலை இல்லை.
ஐஸ் பெட்டி இல்லை, காக்கா இல்லை.
இவ்வளவு ஆம்பளைகள் இருக்கிற தீவில்
"சோறு யாருடா ஆக்குறது?" என்றேன்.
"அப்பா குனி, குனிப்பா!"
குனிவதற்குள் முதுகில் ஒன்று.

"நீ சுத்த பாட்டுப்பா."
எனக்குப் போட்டு என்று கேட்டது.
இருபது வருஷமாய் அடுத்தவன் போட்டில் போகிறவன்,
ஒரு நொடி பெருமையாய்த்தான் இருந்தது.

மூன்றாவது ஆட்டத்தில் அவன் விழுந்தான்.
முட்டியும் கையும் ஊன்றி
தாழைப்புதர் மாதிரி ஒன்றின் ஓரமாய்த் தவழ்ந்தான்.
"என்னடா செய்யணும்?"
"பக்கத்துல வந்து உக்காருப்பா.
பட்டன அமுக்கிக்கிட்டே இரு. விட்றாத."
என் ஆள் மண்டியிட்டான்.
அந்த அகல மார்போடு குனிந்து
அவன் முதுகில் கை வைத்தான்.
பத்து நொடி ஆகுமாம்.
என் அப்பா அடித்துவிட்டு
பீடி பற்றவைக்க வெளியே போவார்.
நான் துறைக்குப் போனேன், அந்த இரண்டு தடவையும்.
ஏழு. ஆறு.
"சுடுறாங்கப்பா, நீ ஓடிரு."
கட்டைவிரல் வியர்த்து வழுக்கியது.
நான்கு இருக்கும்போது யாரோ என்னையும் போட்டான்.
ரெண்டு பேரும் செத்தோம்.

"பரவால்லப்பா," என்றான்,
"இன்னொண்ணு போலாம்."

தண்ணீர் குடிக்க எழுந்தபோது மணி இரண்டு.
கதவுக்குப் பின்னால் ஆணி இருந்தது.
வால் இல்லை.
எமல்டா அடுப்பில் சொருகியிருக்கலாம்.
அடுப்பங்கரையில் கருகின வாடை இல்லை.
நிஜோ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்,
பாயின் ஒரு ஓரம் கொஞ்சம் மேடாய்.
போர்வையாகவும் இருக்கலாம்.

காலையில் கேட்கவேண்டும்.
அடிக்க ஓங்கிய கையோடு அல்லாமல்
எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.
இன்னும் நாற்பத்திரண்டு நாள் இருக்கிறது.