நாலாயிரத்தில் ஒரு பள்ளம்

கோயமுத்தூரில் அந்தப் பெண் காட்டிய தாளில்
என் காது ஒரு கோடாக இருந்தது.
நேராக வந்து, நாலாயிரத்தில்
கிணற்றுப் படிபோல் இறங்கி
அப்புறம் மனசில்லாமல் கொஞ்சம் ஏறியது.
எத்தனை வருசம் தறியில் என்று
கேட்டது அவள் உதடு; நான் படித்தேன்.
முப்பத்தொன்று.
சோமனூரில் எல்லோரும் படிப்போம்,
எட்டுத் தறி ஓடும் கொட்டகையில்
கூலி, வசவு, கல்யாணத் தேதி
எல்லாம் உதட்டில்தான் நடக்கும்.

அதே வாரம் தபாலில் வந்தது பெட்டி.
நாலு தகடு, பொடி எழுத்தில் ஒரு புத்தகம்.
அனுப்பியவன் ருத்ரசாமி,
திருப்பூரில் பனியன் ஏற்றுமதி.
அட்டையில் ட்ரம்பெட்டோடு அந்த ஆள்,
எண்ணெய் வைத்து வழித்த தலை;
ஊதுவதும் அவரே, நடத்துவதும் அவரே.
பின்னால் பதினைந்து பேர்,
ஒரே தையல்காரர் அளவெடுத்த மாதிரி.

இவரை எனக்கு முன்பே தெரியும்.
போத்தனூர் ரயில்வே காலனியில்
வீடு காலிசெய்தவர்கள் விற்ற பெட்டிக்கு அடியில்
ஒரே ஒரு ரெக்கார்டு கிடந்தது. விளிம்பில் விரிசல்.
பணியாரச் சட்டியில் எண்ணெய் காய்கிற சத்தம்,
அதற்கு அந்தப்பக்கம், ரொம்ப தூரத்தில்,
யாருக்கோ ஊர்வலம் போகிறது என்றுதான் நினைத்தேன்.
எனக்கு அப்போது இருபத்தாறு. காது முழுசு.
ரெக்கார்டுதான் செவிடு.

இப்போது அதைக் கழுவி எடுத்திருக்கிறார்கள்.
எண்ணெய் இல்லை, இடறல் இல்லை.
நாற்காலி நகர்கிறது,
ஒருவர் இருமுகிறார்,
தொடங்குமுன் அவர் பூட்ஸ் காலால் தரையில் தட்டும் நாலு தட்டு
மாசம் ஒருநாள் கரண்டு நிறுத்தும் நாளில்,
தெரு வாயை மூடிக்கொண்ட பகலில்,
பேட்டரிப் பெட்டி வழியாக
என் வீட்டுச் சிமெண்ட் தரையில் விழுகிறது.

தறி பிந்தாது.
நாடா இந்தப்பக்கம், நாடா அந்தப்பக்கம்,
ஓர் அடி தவறினால் துணியில் கோடு,
கோட்டுக்குக் கூலியில் பிடித்தம்.
இவர்கள் வேண்டுமென்றே பிந்துகிறார்கள்,
பதினைந்து பேரும் ஒருசேர, ஒரு மயிரிழை,
சினைமாடு வாய்க்கால் மேட்டில் திரும்புகிற மாதிரி.
துணி கெடவில்லை.
இது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மூன்றாம் தகடு, ஆறாவது.
சாக்ஸபோன்கள் ஒதுங்கின, டிராம்போன் அடங்கியது,
அவர் ஏறினார்.
இன்னும் ஒரு படி. இன்னும் ஒன்று.
அங்கே பித்தளை போய்விட்டது,
துணி சுற்றிய தகரம்போல் ஏதோ மிச்சம்,
பழைய ரெக்கார்டில் இருந்த தூரத்துக்கே
திரும்பிப் போய்விட்டார் மனுசன்.
உச்சி ஓசை முழுசாக மீட்கப்பட்டிருக்கிறது என்று
புத்தகத்தில் போட்டிருக்கிறதாம். ருத்ரசாமி சொன்னான்.

எதிரே மயிலாத்தா, மடியில் சின்ன வெங்காயம்.
இதை அவள் கல்யாணப் பேண்டு என்பாள்,
பந்திக்கு நேரமாச்சு என்று கேலி செய்வாள்.
அவள் கை நின்றது.
புருவம் ஏறியது, கழுத்து நீண்டது,
வாய் பாதி திறந்து
மூடவே இல்லை.
நான் படித்தேன்.
அவர் அங்கேயே நிற்கிறார், இன்னும் நிற்கிறார்,
மயிலாத்தாவின் மூக்குத்தி ஆடாமல் நிற்கிறது,
பிறகு தோள் இறங்கியது.
"அந்தாளு நடுவுல மூச்சு விட்டானாங்க, இல்லியா?"

கரண்டு வந்தது.
தெரு மொத்தமும் ஒரே அடியில் தறியானது.
அவள் மறுபடி ஏதோ சொன்னாள்.
மறுக்கா வைங்க என்றிருக்கும்.
மூடி வைங்க என்றும் இருக்கலாம்,
இரண்டுக்கும் உதடு முதலில் ஒருமாதிரிதான் ஒட்டும்.

மறுக்கா வைத்தேன்.