காபி பூத்த வியாழன்

நாகலூரிலிருந்து சூசைராஜ் அனுப்பியது
ஒரே சொல்:
வெள்ளை.

மழை விழுந்து ஒன்பதாம் நாள்.
காபிப் பூ மூன்று நாளுக்கு மேல் காத்திருக்காது.
ஞாயிறு வரட்டும் என்றிருந்தால்
பழுப்பேறி உதிர்ந்த பிறகு போய்
துக்கம் விசாரித்துவிட்டு வரலாம்.
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்
எனக்கே காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.
ஜொஹரா பள்ளிக்கூடத்தில் என்ன சொன்னாளோ,
விடியுமுன்னே அஸ்தம்பட்டி ரவுண்டானாவில்
தன் ஹெர்குலிஸோடு நின்றாள்.
அவள் அண்ணன் மாதிரியே அதுவும்:
தோள் அகலம், வளைந்து கொடுக்காது.

கோரிமேடு தாண்டி
அடிவாரம் வரைதான் எங்கள் வீரம்.
மேலே ஏற்றிப் போனது ஒரு டாடா ஏஸ்.
மூன்று சைக்கிள், மூன்று பேர்,
ஒன்பது மூட்டை வெங்காயம்.
"கியர் வெச்சது வாங்கியிருக்கலாமே"
என்றார் டிரைவர்.
யாரும் பதில் சொல்லவில்லை.
வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு
கொள்கை பேச முடியாது.

என் ராலேக்கு வயது அறுபத்தாறு.
அதன்மேல் எனக்குப் பக்தியெல்லாம் கிடையாது.
செயின் கவர் கணுக்காலில் இடிக்கும்.
டைனமோவைச் சாய்த்தால்
பாதி வேகம் விளக்குக்கே போய்விடும்.
ஆனால் பாஸ்போர்ட் போட்டோவுக்குப் போல
நிமிர்த்தி உட்கார வைக்கும்.
கழுத்தைக் கவிழ்த்து ரோட்டையே பார்க்க வேண்டாம்.
வேலிக்கு அந்தப்பக்கம் நடப்பதெல்லாம் தெரிகிற உயரம்.

செம்மடுவு தாண்டிய திருப்பத்தில்
கண்ணுக்கு முன்னால் மூக்குதான் கண்டுபிடித்தது.
மல்லிகை இல்லை,
மல்லிகைக்குத் தூரத்து உறவு.
அப்புறம் சில்வர் ஓக் நிழலுக்குள்
கிளை நெடுகக் கொத்துக் கொத்தாக,
இலை போட மறந்த பந்தியில்
செடிமேலேயே சோறு பரிமாறிவிட்டது மாதிரி.
தேனீக்களின் இரைச்சலில்
என் செயின் முனகல் எனக்கே கேட்கவில்லை.

பெடலை நிறுத்தினேன்.
டிக் டிக் டிக் என்று ஃப்ரீவீல் மட்டும்.
லேசான இறக்கம், ஈரத் தார்.
நாற்பத்தேழு வயதில்
இரண்டு கையையும் விட்டுப் பார்த்தேன்.
விழவில்லை.
ஜொஹரா பெல் அடித்தாள், எதிரே யாருமில்லை.
நானும் அடித்தேன்.
பெல் கழன்று போன பரஞ்சோதி,
மேக்னசைட் கம்பெனியில் முப்பது வருஷம்
சிரிக்காமல் கணக்கெழுதியவர்,
வாயாலேயே 'கிளிங்' என்றார்.
இன்னொரு தரம் 'கிளிங்'.

இறங்கும்போதுதான் வண்டிகளின் சுயரூபம்.
கம்பி பிரேக்கை இறுக்கினால்
அது கொஞ்சம் யோசிக்கும்.
இருபதாவது கொண்டை ஊசியில்
பரஞ்சோதி திரும்பாமல் நேரே போய்
உண்ணிச்செடிப் புதருக்குள் வணக்கம் வைத்தார்.
சட்டைப்பையில் இருந்த தட்டுவடை மட்டும் நொறுங்கியது.
அதைப் பகிர்ந்து தின்றோம்.
பிறகு தள்ளினோம்.

பத்தொன்பது. பதினெட்டு.
பிரேக் நாற்றத்தோடு பஸ்கள் கடந்தன.
வண்டியைத் தள்ளுகிற மனிதரிடம்
பிடுங்க ஒன்றுமில்லை என்று
குரங்குகள் பேன் பார்க்கத் திரும்பின.
காலியான டாடா ஏஸ்கள் எத்தனையோ போயின.
ஒருவரும் கை காட்டவில்லை.
ஏன் என்று கேட்டுக்கொள்ளவும் இல்லை.
ஒவ்வொரு வளைவிலும்
ஒரு கரண்டி வெயில் கூடிக்கொண்டே வந்தது.
கீழே சேலம்,
வெள்ளைக்கல் மேடுகளும் புழுதியுமாக.

பன்னிரண்டாவதில் ஜொஹரா சொன்னாள்:
"பூப் பார்க்கப் போறேன்னுதான்
லீவ் லெட்டர்ல எழுதினேன்.
கையெழுத்துப் போட்டுட்டாங்க."

அடுத்த இரண்டு வளைவுக்கு
நான் எதுவும் பேசவில்லை.

மலைமேல் ஓட்டியது பதினோரு கிலோமீட்டர்,
தள்ளியது அதைவிட அதிகம் என்று
பரஞ்சோதி கணக்கு முடித்தபோது இருட்டிவிட்டது.
டைனமோவைச் சாய்த்துக்கொண்டு
சமதரையில் மெதுவாக வீடு சேர்ந்தோம்.

மறுநாள் ஊசியைப் பிரிக்கும்போது
மேனேஜர் கேட்டார், காய்ச்சல் எப்படி?
இறங்கிவிட்டது, என்றேன்.
நடந்தேதான் இறங்கியது.