கீழ்க்குரல்

பற்றுச்சீட்டில் நான் எழுதியது:
ரமீரோ, மெக்சிக்கோ. தண்ணி போனது.
முற்பணம் இல்லை.

சிவனொளிபாதமலையில் விடியவிடியப் பெய்த மழை
அவன் சட்டைப்பையில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.
கொழும்பு ரயிலுக்கு இருபது நிமிடம் என்று விரலால் காட்டினான்.
திரும்பி வருவாயா என்றதற்கு
தலையை இரண்டு பக்கமும் ஆட்டினான்,
எங்கள் ஆட்களைப் போலவே.

மூன்று நாள் அரிசிக்குள் கிடந்தது போன்.
திரை விழிக்கவில்லை.
இயர்போனைச் செருகிப் பொத்தானை அமுக்கினேன்.
கறுத்த கண்ணாடிக்குப் பின்னாலிருந்து
யாரோ இருவர் ஊதினார்கள்.

அதுவரை எனக்குத் தெரிந்த ட்ரம்பட் இரண்டு.
டன்பார் மைதானத்தில்
கால் மாற்றிப் போடும் பிள்ளைகளை அதட்டுவது ஒன்று.
பெட்டிக்கு முன்னால் நடப்பது மற்றது.

இது,
சண்டை பிடித்துக்கொண்டிருந்த அக்காவும் தங்கையும்
சொல்லிவைத்தாற்போல் சிரிக்கத் தொடங்குவது மாதிரி.
ஒருத்தி மேலே, ஒருத்தி ஒரு படி கீழே,
ஓரிடத்தில்கூட முட்டிக்கொள்ளாமல்.

நடுவில் ஒருவன் அழுவான்.
அவன் அழுதுகொண்டிருக்கும்போதே
பின்னால் இன்னொருவன் ஆய்ய்ய் என்று கூவுவான்.
எங்கள் லயத்துச் சாவீட்டில் இப்படிக் கூவினால்
பல்லைத் தட்டிவிடுவார்கள்.

திரை செத்ததால் எந்தப் பாட்டுக்கும் பெயரில்லை.
நாற்பத்தொன்று. நானே வைத்தேன்.
எட்டாவது: கரண்ட் போன நேரம்.
இருபத்திரண்டாவது: சீட்டுக்காசு கேட்டு வருகிறாள்.
முப்பதுக்குப் பிறகு வேறு ஊர் போல,
ட்ரம்பட்டும் மேளமும் வழக்காடும்,
தீர்ப்பு வருமுன் முடிந்துவிடும்.

எல்லாவற்றிலும் ஒரு சொல்: கொரசோன்.
எவளோ ஒருத்தியின் பெயர் என்றே நினைத்திருந்தேன்.
இத்தனை ஆண்கள் அழ
அவள் அப்படி என்ன அழகி என்று
மாசிமாதம் முழுக்க எரிச்சல்.
இதயம் என்று பிறகு தெரியவந்தது.
கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஸ்பீக்கர் மாற்றிய போனுக்கெல்லாம்
எட்டாவதையே போட்டுப் பார்ப்பேன்.
"வேற பாட்டே இல்லியா புள்ள" என்பார் ஃபாயிஸ் நானா,
கால்குலேட்டரில் தாளம் போட்டபடி.

ஒரு செவ்வாய்க்கிழமை செலஸ்டின் வந்தார்,
சாவு பேண்டில் ஊதுகிறவர்,
சார்ஜ் ஏறாத போனோடு.
பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.
கண்ணாடி மேசையில் அவருடைய மூன்று விரல்கள்
மிதித்து மிதித்து எழுந்தன.
உதடு உள்ளே மடங்கிற்று.

"இது ரெண்டு பேர் ஊதுறது" என்றார்.
"எங்ககிட்டயும் ரெண்டு பேர்தான்.
அல்போன்ஸ் கட்டாருக்குப் போய்ட்டான்."
இன்னொரு தரம் போடச் சொன்னார்.
இன்னொரு தரம்.
பின்-மாற்றக் கூலி நானூற்றைம்பது கொடுத்துவிட்டுப் போனார்.

போன வாரம் லொறிக்காரர் ஒருவரின் ஊர்வலம்
கடைக்குக் கீழே மல்லியப்புச் சந்திப் பக்கம் திரும்பியது.
பனி கம்பிக்காலின் பாதிவரை இறங்கியிருந்தது.
ஒற்றை ட்ரம்பட்.
வழமையான பாட்டு முடிந்து வேறொன்று தொடங்கியது.
மெட்டே இல்லாதது போல,
யாருக்கோ இடம்விட்டு ஓரமாய் நடப்பது போல.
குடை பிடித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.
"செலஸ்டினுக்கு வயசு போயிட்டுது" என்றார் நானா.

எட்டாவது.
கீழ்க்குரல் மட்டும்.

என் வாயில் மூன்று திருகாணிகள் இருந்தன.
இல்லாவிட்டால்
நான் கூவியிருப்பேன்.