நூற்றேழாம் டப்பா

செப்டம்பர் முப்பதோடு நிதியாண்டு முடிகிறது.
அடுப்புக்கு அது தெரியாது.
நூறு டிகிரியில், இருபத்துநான்கு மணி நேரம்,
அது பாட்டுக்குப் பைன் ஊசிகளை
உலர்த்திக்கொண்டிருக்கிறது.

பதினோரு ஆண்டுகளாக
பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில்
அதே சரிவு, அதே நாற்பது மரங்கள்.
மாரிட் பறிப்பாள், நான் எடை போடுவேன்.
ஈர எடை. உலர்ந்த எடை.
இரண்டுக்கும் நடுவே காணாமல் போவதுதான்
எங்கள் ஆராய்ச்சி.

மே மாதம், பனி உருகி ஓடை இரையும்போது,
மலை முழுக்கப் பச்சையாய் நிற்கும்போது
ஊசிகள் உள்ளுக்குள் வறண்டிருக்கும்.
நான்கு ஆண்டுகள் தராசைத்தான் சந்தேகப்பட்டோம்.

வாஷிங்டன் கடிதம் இரண்டே பத்தி.
"பணியின் தரம் குறித்த கருத்தல்ல இது"
என்பது இரண்டாவது.
படிவத்தின் பன்னிரண்டாம் கட்டம் கேட்டிருந்தது:
தவிர்க்கப்பட்ட இழப்பு, டாலரில்.
எரியாத வீட்டுக்கு யார் ரசீது தருவார்கள்?
மாரிட் "கணக்கிடவில்லை" என்று எழுதினாள்.
நானாக இருந்தால்
ஒரு பொய்யாவது எழுதியிருப்பேன்.

ஆகஸ்டில் தலைக்கு மேல் விமானம்
சிவப்புக் குழம்பைக் கொட்டிப் போனது.
ஒரு கொட்டலுக்கு நம் நான்கு மாதம்,
என்றாள், கழுத்து வலிக்க அண்ணாந்தபடி.
அதனிடம் பன்னிரண்டாம் கட்டம் யாரும் நீட்டவில்லை.

அந்தப் புகைக்குள்தான் என் அண்ணன் மகன் கோல்பி,
மண்வெட்டியும் இருபது பேருமாக.
வாரம் தவறாமல் போன் செய்வான்.
நலம் விசாரிப்பதில்லை.
"இந்த வாரம் எவ்வளவு?"
நான் எண்ணைச் சொல்வேன், தசமத்தோடு.
வைத்துவிடுவான்.

சாவியைத் திருப்பிக் கொடுத்தோம்.
தகர டப்பாக்கள் இருநூற்று நாற்பது என்றது பட்டியல்.
ஒன்று குறைந்தது.
கையொப்பம் வாங்கியவர் நல்ல மனிதர்,
மறுபடி எண்ணவில்லை.
மாரிட் ஒரேகானில் வேலை கிடைத்துப் போனாள்,
திராட்சைத் தோட்டத்துக்கு ஈரம் பார்க்கிறாளாம்.

இது மே.
நேற்று நான் தனியாகச் சரிவுக்குப் போனேன்.
நாற்பதில் ஆறு மரம்தான் முடிந்தது, முட்டி வலி.
வீட்டு அடுப்பில் ராத்திரி முழுக்க டப்பா.
காலையில் ரொட்டியில் பிசின் வாசம் என்று
ரெனே தட்டைத் தள்ளி வைத்தாள்.
சமையலறைத் தராசோ மாவு நிறுக்க வாங்கியது,
அரை கிராமெல்லாம் அதற்குத் தூசு.

கோல்பி கூப்பிட்டான்.
"எவ்வளவு?"
"தோராயமாக..." என்று தொடங்கினேன்.
மறுமுனையில்
அவன் பேனாவைத் திறக்கும் சத்தம்
கேட்கவில்லை.